லோரியில் காற்று லீக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா, பீடோர், சுங்காய் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரியும், ஆலையிலிருந்து எண்ணெய் எடுக்கும் டேங்கரும், கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரியும் ஒரே பட்டறை வாசலில்தான் வந்து நிற்கின்றன. லோரியின் பிரேக்கை இயக்கும் காற்று கசிவதைப் பற்றி ஓட்டுநர்களும் கெலிண்டான்களும் (லோரி உதவியாளர்களும்) கேட்கும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தந்திருக்கிறோம். மேலிருந்து வரிசையாகப் படித்தால் பிற்பாதி எளிதாகப் புரியும்.

அண்ணே, லீக்னா 'ஸ்ஸ்'னு சத்தம் கேக்கணும்ல? ஒண்ணும் கேக்கல, ஆனா காலையில மீட்டரு கோசோங்கா (காலியா) நிக்குது.

காதில் விழும் லீக் என்றால் அது ஏற்கெனவே பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். சின்ன லீக் இன்ஜின் சத்தத்தில் கேட்கவே கேட்காது. இரவு 8 மணிக்கு நிறுத்தி விடிகாலை 5 மணிக்கு எடுக்கிறீர்கள் என்றால் நடுவில் 540 நிமிடம் இருக்கிறது. நிமிடத்துக்கு 0.01 பார் (காற்றழுத்த அளவு) போனாலே 5 பாருக்கு மேல் இறங்கிவிடும். அந்த அளவு லீக்கை எந்தக் காதாலும் பிடிக்க முடியாது.

அதனால் காலையில் காலியாக நிற்பதை மட்டும் வைத்து 'பிரேக் ஆபத்து' என்றும் சொல்ல முடியாது, 'பரவாயில்லை' என்றும் விட முடியாது. அளந்து பார்க்க வேண்டும்.

எவ்ளோ இறங்கினா ஓகே? எத வச்சு அளக்கறது?

டாஷ்போர்டு மீட்டரும் கைக்கடிகாரமும் போதும். இன்ஜினை ஓட்டி, காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையர் 'புஷ்' என்று ஒருமுறை விடும்வரை காற்று ஏற்றுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மறுபடி 'ஆன்' வையுங்கள். பல லோரிகளில் அப்போதுதான் மீட்டர் வேலை செய்யும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஊசி ஆடி நிலைக்கட்டும். அங்கிருந்து 1 நிமிடம் பாருங்கள். அடுத்து கால் பிரேக்கை முழுக்க மிதித்துப் பிடியுங்கள். மிதித்தவுடன் ஊசி சட்டென்று இறங்குவது லீக் அல்ல, அந்தக் காற்று சேம்பருக்குள் (சக்கரத்தருகே பிரேக்கைத் தள்ளும் காற்றறைக்குள்) போயிருக்கிறது. அதை விட்டுவிட்டு, பிறகு வரும் 1 நிமிடத்தைக் கணக்கெடுங்கள்.

அமெரிக்கக் கனரக வாகன உரிமத் தேர்வில் வைத்திருக்கும் அளவு எளிதானது, நமக்கும் பொருந்தும். மிதிக்காத நிலையில் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐ (இதுவும் அழுத்த அளவுதான்), டிரெய்லர் சேர்ந்தால் 3. மிதித்த நிலையில் 3, டிரெய்லரோடு 4. இதற்கு மேல் இறங்கினால் லோரி ரோட்டுக்குப் போகக் கூடாது. சிக்கல் என்னவென்றால் 2 பிஎஸ்ஐ என்பது 0.14 பார்தான், பாரில் காட்டும் மீட்டரில் ஊசி ஒரு முடியளவுதான் நகரும். அதனால் 1 நிமிடத்துக்குப் பதில் 5 நிமிடம் காத்திருங்கள். மிதிக்காத நிலையில் 0.7 பார் இறங்கியிருந்தால் எல்லையைத் தொட்டுவிட்டது. காற்று டேங்கியில் சோதனை வாய் இருந்தால் கையில் பிடிக்கும் மீட்டரை மாட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. டாஷ்போர்டு ஊசியே பொய் சொல்லும் லோரிகளும் உண்டு.

தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணணும்? நேரா அடியில போய்ப் படுத்துடலாமா?

வேண்டாம். சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். மழையில் ஊறிய செம்மண்ணில் நிறுத்தாதீர்கள். குறைந்தது இரண்டு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும். லீக் தேடும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டுப் போடப் போகிறீர்கள், அந்த நேரத்தில் லோரியைப் பிடித்திருப்பது கட்டை மட்டும்தான். வண்டிக்குள் ஓர் ஆள் இருக்க வேண்டும், அவர் நீங்கள் சொல்லாமல் எதையும் தொடக் கூடாது.

ஏர் சஸ்பென்ஷன் லோரி என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. பை காலியானால் சேசிஸ் சட்டென்று கீழே இறங்கும். முட்டு கொடுக்காமல் தலையை உள்ளே விடாதீர்கள். காற்று இருக்கும்போது எந்த நட்டையும் கழற்றாதீர்கள். 8 பாரில் விடுபட்ட ஹோஸ் சாட்டை மாதிரி அடிக்கும். கழற்றும் முன் டேங்கிகளின் வடிகால் வால்வைத் திறந்து முழுக்க இறக்கிவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வாய் வழியே காற்றோடு துருவும் எண்ணெயும் சேர்ந்து தெறிக்கும்.

சோப்புத் தண்ணி போதுமா, இல்ல மெஷின் வாங்கணுமா?

போதும். அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு பெரிய கரண்டி, ஸ்பிரே பாட்டிலில் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கினால் பாட்டிலிலேயே நுரை கட்டிவிடும், பிறகு எது லீக் நுரை, எது உங்கள் நுரை என்று தெரியாது. முதலில் மண்ணைக் கழுவித் துடையுங்கள். மண் பூசிய இணைப்பில் சோப்பு அடித்தால் காற்று வேறு பக்கம் ஒதுங்கி வெளியே வரும், நீங்கள் தவறான நட்டைப் பிடிப்பீர்கள். கழுவுவதற்கு முன்பே ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது: சுற்றிலும் காய்ந்த தூசி இருக்க, ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது. கம்பிரசரிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை அந்த வழியாகக் கசிந்து தூசியைப் பிடித்துவைக்கிறது.

அடித்துவிட்டு உடனே நகராதீர்கள், பத்து வினாடி பாருங்கள். பெரிய லீக் சோப்பை ஊதித் தள்ளிவிடும், அங்கே குமிழே நிற்காது. நடுத்தர லீக்கில் குமிழ் வந்து வந்து வெடிக்கும். சின்ன லீக்கில் நட்டின் விளிம்பில் வெள்ளையாக, மீன் முட்டை அளவில் நுரை மெல்லச் சேரும். இரவெல்லாம் டேங்கியைக் காலி செய்வது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள், சோப்பு தங்கினால் பித்தளையும் இரும்பும் அரிக்கும்.

எல்லா இடத்துலயும் அடிச்சுப் பாத்துட்டேன். ஒரு குமிழும் வரல. ஆனா காத்து இறங்குது!

எந்த நிலையில் வைத்துத் தேடினீர்கள் என்பதுதான் கேள்வி. ஹேண்ட் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், அதை விடுவிப்பதுதான் காற்று. ஆகவே ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போது ஸ்பிரிங் சேம்பருக்குப் போகும் லைனில் காற்றே இருக்காது, அங்கே ஓட்டை இருந்தாலும் குமிழ் வராது. கால் பிரேக் மிதிக்காதபோது சர்வீஸ் லைன் காலி. கிளட்ச் பூஸ்டர் கிளட்ச் மிதித்தால்தான் லீக் ஆகும். எக்ஸாஸ்ட் பிரேக் சிலிண்டர், தூக்கு அக்சில் ஆகியவை இயக்கும்போது மட்டும்.

ஆகவே ஒரே லோரியை நாலு முறை சுற்றுங்கள்: ஹேண்ட் பிரேக் போட்டு ஒருமுறை, விட்டு ஒருமுறை, கால் பிரேக் மிதித்து ஒருமுறை, மற்ற உபகரணங்களை ஒவ்வொன்றாக இயக்கி ஒருமுறை. எந்தச் சுற்றில் ஊசி வேகமாக இறங்குகிறதோ, அந்தச் சுற்றில் காற்று போகும் லைன்களை மட்டும் பாருங்கள், பாதி லோரியைத் தேடாமலேயே ஒதுக்கிவிடலாம். கேபினுக்குள்ளும் பாருங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள டியூப், ஹார்ன் லைன், டாஷ்போர்டுக்குப் பின்னால் வரும் மீட்டர் லைன் ஆகியவற்றை யாரும் தேடுவதில்லை.

எங்க தோட்டத்து ரோட்டுல ஓடற லோரிக்கு எந்த இடம் சீக்கிரம் போகும்?

முதல் இடம் உரசல். கட்டுவார் அறுந்த டியூப் சேசிஸ் விளிம்பிலோ போல்ட் தலையிலோ படுத்துக்கொண்டு, குழி விழுந்த செம்மண் ரோட்டில் நாள் முழுக்கத் தேய்கிறது. நைலான் டியூபின் சுவர் 1 மிமீ, 1.5 மிமீதான், அது தாங்காது. பக்கத்தில் இரண்டு டியூப் ஒன்றோடொன்று உரசினாலும் இரண்டும் தேயும். இதில் டியூபை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடிந்தது, அதே போல்ட் தலை புது டியூபையும் தின்னும். இடத்தை மாற்றிக் கட்டுங்கள், முடியாவிட்டால் மேலே பிளவுக் குழாய் உறை போடுங்கள்.

அடுத்து எலி. செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை; அதற்காகத்தான் பல தோட்டங்களில் ஆந்தைக் கூண்டு வைக்கிறார்கள். வாரக் கணக்கில் நிற்கும் லோரியின் கியர்பாக்ஸ் மேலும் கேபினுக்கு அடியிலும் டியூபைக் கடித்து வைக்கும். கடித்த இடத்தில் இணையாக இரண்டு பல் கோடு தெரியும், உரசல் போல வழவழப்பாக இருக்காது. மட்டை முள்ளும் மேலே தெறிக்கும் கல்லும் பின் அக்சில் ஹோஸைக் குத்தும். அக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸை மடித்துப் பாருங்கள். மேல்தோல் வெடித்து உள்ளிருக்கும் நூல் தெரிந்தால், லீக் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது சூடு. நைலான் டியூப் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸ் வரைதான். எக்ஸாஸ்ட், டர்போ பக்கம் போனால் முதலில் பழுப்பாகி, பிறகு கடினமாகி, ஒரு நாள் கண்ணாடி போல உடையும். கம்பிரசரிலிருந்து டிரையருக்குப் போகும் முதல் பைப்பில் காற்று இதைவிட அதிகச் சூட்டில் வரும். அந்த இடத்தில் நைலான் போடவே கூடாது. இரும்புப் பைப்போ, கம்பி பின்னிய டெஃப்ளான் ஹோஸோதான் வேண்டும்.

ரோட்டுல டியூப் கிழிஞ்சிருச்சு. டயர் டியூப் ரப்பரும் கேபிள் டையும் சுத்தி ஓட்டலாமா?

கூடாது. 8 பார் காற்று எந்த டேப்பையும் உப்பவைத்து வழி கண்டுபிடித்துவிடும். நின்றிருக்கும்போது நிற்பது போலத் தெரியும். பிரேக் மிதித்து மிதித்து அழுத்தம் ஏறி இறங்கும்போது விடும். லோரியில் எப்போதும் வைத்திருக்க வேண்டியவை சொற்பம்தான்: உங்கள் லோரியில் உள்ள ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு நேர் யூனியன் (டியூபின் இரு முனைகளைச் சேர்க்கும் ஃபிட்டிங்), ஒவ்வோர் அளவிலும் 1 மீட்டர் டியூப், ஒரு டியூப் கத்தி, கொஞ்சம் கட்டுவார். சிறிய டப்பாவில் அடங்கும். அரை நாள் டோ லோரிக்குக் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் இதன் செலவு ஒன்றுமில்லை.

யூனியன் போட்டேன், ரெண்டு நாள்ல மறுபடி கழண்டு வந்துருச்சு. ஏன்?

பத்தில் எட்டுத் தடவை வெட்டிய விதம்தான் காரணம். இடுக்கியாலோ ஹேக்ஸா பிளேடாலோ வெட்டினால் முனை சாய்வாக நசுங்கும், ஃபிட்டிங்குக்கு உள்ளே இருக்கும் ஓரிங்கை (ரப்பர் வளையத்தை) கீறும். டியூப் கத்தியால் செங்குத்தாக, ஒரே அழுத்தில் வெட்டுங்கள். முனைக்குப் பின்னால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரை கீறல் இருக்கக் கூடாது, இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டித் தள்ளுங்கள். ஃபிட்டிங்கின் உள் ஆழத்தை அளந்து, டியூபில் மார்க்கரால் கோடு போடுங்கள். முனையைத் தண்ணீரில் நனைத்துச் செருகுங்கள். கோடு மறையும்வரை போக வேண்டும். முதலில் ஒரு தடை தெரியும், அது ஓரிங். அங்கேயே நிறுத்துகிறவர்கள்தான் இரண்டு நாளில் திரும்பி வருகிறார்கள். இன்னும் அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். பிறகு பலமாக வெளியே இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது.

நட்டு, வளையம் வைத்த பித்தளை ஃபிட்டிங் என்றால் டியூபுக்குள் போடும் சின்னப் பித்தளைக் குழல் கட்டாயம். அது இல்லாவிட்டால் நட்டு இறுக்கும்போது நைலான் உள்ளே சுருங்கி, வளையம் பிடிக்காமல் போகும். பழைய வளையத்தை மறுபடி பயன்படுத்தாதீர்கள். இன்னொன்று, டியூபை இழுத்துப் பிடித்து இணைக்காதீர்கள். கேபின் ஆடும், சேசிஸ் முறுகும். கொஞ்சம் தொய்வு இருந்தால்தான் இணைப்பு நிலைக்கும். நீளம் போதவில்லையென்றால் ஒரு யூனியனுக்குப் பதில் இரண்டு யூனியன் வைத்து, நடுவில் புது டியூப் துண்டு சேருங்கள்.

10 மிமீ டியூப் கடையில இல்ல, 3/8 இன்ச் குடுத்தாங்க. பக்கத்துல பக்கத்துல தானே?

3/8 இன்ச் என்பது 9.5 மிமீ. 10 மிமீ ஃபிட்டிங்கில் எளிதாகப் போகும், ஓரிங் சரியாக அணைக்காது, அழுத்தம் ஏறினால் கழன்று வரும். அதேபோல 1/2 இன்ச் 12.7 மிமீ, 12 மிமீ அல்ல; 1/4 இன்ச் 6.35 மிமீ, 6 மிமீ அல்ல. நம் ஊரில் ஜப்பான் லோரியும் ஐரோப்பிய லோரியும் அமெரிக்க அளவு சாமான் போட்ட பழைய டிரெய்லரும் கலந்து ஓடுவதால் இந்தக் குழப்பம் தினமும் வரும். டியூபின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள், அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்து வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் விற்கும் தண்ணீர் டியூப், கம்பிரசர் மெஷினுக்கான பாலியூரித்தேன் டியூப் ஆகியவற்றை பிரேக் லைனில் போடாதீர்கள். லோரி பிரேக்குக்கான நைலான் மட்டும்.

வெள்ள டேப்பு அஞ்சாறு சுத்து சுத்தியும் வால்வு வாயில கசியுது.

அது டேப் போட வேண்டிய வாய்தானா என்று முதலில் பாருங்கள். போகப் போகக் கூம்பும் புரியில் டேப் வேலை செய்யும். நேராக ஒரே விட்டத்தில் போகும் மெட்ரிக் புரியில், எம்16 அல்லது எம்22 போன்றவற்றில், அடைப்பது புரி அல்ல, அடியில் இருக்கும் ஓரிங் அல்லது வாஷர். அங்கே பத்துச் சுற்று டேப் போட்டாலும் பயனில்லை. ஓரிங்கை மாற்றுங்கள், அது உட்காரும் முகத்தைத் துருவில்லாமல் துடையுங்கள்.

கூம்புப் புரியிலும் முதல் புரியை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். கிழிந்த டேப் துணுக்கு காற்றோடு போய், பின் சேம்பர்களுக்குக் காற்றைத் திறந்துவிடும் ரிலே வால்வின் இருக்கையில் உட்கார்ந்தால், ஒரு லீக்கை அடைக்கப் போய் இன்னொரு லீக்கை உண்டாக்கியிருப்பீர்கள்.

நட்ட இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினா நிக்காதா?

தளர்ந்திருந்தால் நிற்கும். கால் சுற்று இறுக்கி, சோப்பு அடித்துப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் இறுக்குவதை விட்டுவிட்டுக் கழற்றிப் பாருங்கள். வளையம் வெட்டியிருக்கும் அல்லது டியூப் நசுங்கியிருக்கும். இரண்டு ஸ்பேனர் போடுங்கள், ஒன்று ஃபிட்டிங்கைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. ஒரே ஸ்பேனரால் திருகினால் வால்வு வாயே விரிசல் விடும்.

ஏர் டிரையர் அடிக்கடி 'புஷ்' 'புஷ்'னு விடுது. டிரையர் போச்சா?

விடுவது அதன் வேலை. அழுத்தம் மேல் எல்லைக்கு வந்ததும் சேர்ந்த தண்ணீரை ஒரே மூச்சில் வெளியே தள்ளும், பிறகு சில வினாடி மெல்லிய காற்று வந்து நிற்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பதுதான் முக்கியம். பிரேக்கைத் தொடாமல் ஐடிலில் நிற்கும்போது நிமிடத்துக்கு ஒருமுறை விட்டால், எங்கோ லீக் இருப்பதால் கம்பிரசர் திரும்பத் திரும்ப ஏற்றுகிறது என்று பொருள். டிரையரை மாற்றினால் சத்தம் குறையாது, லீக்கைத் தேடுங்கள்.

டிரையரின் அடி வாயிலிருந்தே நிற்காமல் வந்தால் இரண்டு விதம். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது வந்தால், வெளியேற்றும் வால்வின் இருக்கையில் அழுக்கு. மீட்டரும் மெதுவாகவே ஏறும். ஏறி முடிந்த பின்னும் நிற்காமல் வந்தால், டேங்கிக் காற்று திரும்பி வருகிறது, அதாவது டிரையரின் திரும்பா வால்வு பிடிக்கவில்லை. இரண்டுக்கும் ரிப்பேர் கிட் கிடைக்கும்.

பிரேக் மிதிச்சா மட்டும் பின் சக்கரத்துக்கிட்ட சத்தம்.

சேம்பர் டயஃபிரம் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) அல்லது சேம்பருக்குப் போகும் ஹோஸ். மிதித்துப் பிடிக்கச் சொல்லி, சேம்பரைச் சுற்றியுள்ள பட்டையிலும், தள்ளு கம்பி வெளியே வரும் பக்கத்துச் சின்னத் துவாரங்களிலும் சோப்பு அடியுங்கள். பட்டையில் குமிழ் வந்தால் ஒருவேளை இறுக்கினால் நிற்கும். துவாரத்தில் வந்தால் டயஃபிரம் கிழிந்திருக்கிறது. ஒரு பக்கம் மாற்றினால் அதே அக்சிலின் மறுபக்கத்தையும் மாற்றுவது நல்லது. இரண்டும் ஒரே வயதுதான். மாற்றும்போது தள்ளு கம்பியின் ஓட்டத்தையும் சரிபாருங்கள்.

ரிலே வால்வு வாயில இருந்து காத்து வந்துச்சு. புது வால்வு போட்டேன், அப்பவும் வருது. புதுசும் டூப்ளிகேட்டா?

வால்வின் மேல் பழி போடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். இந்த ஒரு குறைக்காக வீணாக மாற்றப்படும் வால்வுகள் ஏராளம், அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறோம்.

பின் சேம்பர் இரட்டை அறை. முன்பாதி கால் பிரேக்குக்கு, பின்பாதி ஸ்பிரிங் பிரேக்குக்கு. ஹேண்ட் பிரேக்கை விட்டால் பின்பாதியில் காற்று நிரம்பி ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிறது. இரண்டு அறைக்கும் நடுவே தள்ளு கம்பி போகும் இடத்தில் ஓர் ஓரிங் உண்டு. அது தேய்ந்தால் பின்பாதிக் காற்று முன்பாதிக்குக் கசிந்து, சர்வீஸ் ஹோஸ் வழியே ரிலே வால்வுக்குத் திரும்பி வந்து, அதன் வெளியேற்று வாயில் வெளியேறும். வால்வு எந்தத் தவறும் செய்யவில்லை, அது வெறும் வாசல்.

சோதனை இதுதான்: கால் பிரேக்கை விட்டு, ஹேண்ட் பிரேக்கையும் விட்ட நிலையில் வாயில் காற்று வருகிறதா? இப்போது ஹேண்ட் பிரேக் போடுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி ஏதோ ஒரு ஸ்பிரிங் சேம்பர். எது என்று அறிய, காற்றை இறக்கி, ஒரு சேம்பரின் சர்வீஸ் ஹோஸைக் கழற்றிவிட்டு மறுபடி காற்றேற்றி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, திறந்த சேம்பர் வாயில் சோப்புப் படலம் பிடியுங்கள். படலம் உப்பினால் அதுதான். உப்பாவிட்டால் அடுத்த சேம்பர். ஹேண்ட் பிரேக் போட்டாலும் காற்று நிற்கவில்லையென்றால்தான் ரிலே வால்வின் உள் இருக்கையைச் சந்தேகப்பட வேண்டும். கால் வால்வின் வாயில் வரும் காற்றுக்கும் இதே முறையில் முதலில் பின்னால் பாருங்கள்.

அப்போ அந்த சேம்பர நாங்களே பிரிச்சு ஓரிங் போட்டுடறோம்.

ஸ்பிரிங் இருக்கும் பின்பாதியைப் பிரிக்கவே கூடாது. உள்ளே ஏறத்தாழ ஒரு டன் விசையில் அமுங்கிய ஸ்பிரிங் இருக்கிறது, பட்டையைக் கழற்றினால் மூடி குண்டு போல வரும். உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. சேம்பரை முழுசாக மாற்றுங்கள். கழற்றும் முன் காற்று இருக்கும்போதே அடைப்பு போல்டைப் பின் துவாரத்தில் செருகி, கால் சுற்றுத் திருப்பிப் பூட்டி, நட்டை இறுக்கி ஸ்பிரிங்கைச் சிறைப்படுத்துங்கள். அப்போது அந்தச் சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது என்பதை மறக்காதீர்கள், கட்டை அங்கேயே இருக்கட்டும். பழைய சேம்பரைப் போல்டோடும் சரி, போல்டைக் கழற்றியும் சரி, பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். ஸ்பிரிங்கை முறைப்படி செயலிழக்கச் செய்யும் பட்டறையிடம் கொடுங்கள்.

டிரெய்லர் பிடிச்சா இறங்குது, கழட்டினா நிக்குது.

முதலில் லோரியின் காற்று லைனையும் டிரெய்லரின் லைனையும் சேர்க்கும் கைப்பிடி இணைப்பின் ரப்பர் வளையம். விரலால் தடவுங்கள், வெடிப்போ மண்ணோ தட்டுப்படும். சிவப்பு லைனில் எப்போதும் காற்று உண்டு, மஞ்சள் லைனில் பிரேக் மிதிக்கும்போது மட்டும். அமெரிக்க வகையில் மஞ்சளுக்குப் பதில் நீலம். ஆகவே மிதித்தால் மட்டும் கசிந்தால் மஞ்சள் பக்கம் தேடுங்கள்.

டிரெய்லரை நாள்கணக்கில் கழற்றி நிறுத்தும்போது வாய்க்கு மூடி போடுங்கள். குளவி அதில் மண்கூடு கட்டும். அந்த மண் காற்றோடு உள்ளே போய் டிரெய்லர் வால்வில் சேர்ந்து, மேலே சொன்ன ரிலே வால்வு லீக் போலவே காட்டும்.

ரெண்டு மீட்டர்ல ஒண்ணு மட்டும் இறங்குது.

நல்லது, தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது. பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றாகப் பிரிந்திருக்கிறது, இறங்கும் சுற்றில் மட்டும் தேடுங்கள். ஐரோப்பிய லோரிகளில் வால்வுகளின் மேல் எண் அடித்திருக்கும்: 1 வரும் வாய், 2 போகும் வாய், 3 வெளியேற்று வாய், 4 கட்டளை வாய். நாலு சுற்றுப் பாதுகாப்பு வால்வில் 21, 22, 23, 24 என்று நாலு போகும் வாய் இருக்கும். பொதுவாக முதல் இரண்டும் கால் பிரேக்குக்கு. 3 என்று போட்ட வாயில் காற்று வந்தால் அந்த வால்வு வழியே வெளியேறுகிறது என்று அறியலாம், ஆனால் காரணம் வேறிடமாகவும் இருக்கலாம் என்பதை ரிலே வால்வுக் கேள்வியில் பார்த்தோம்.

என் லோரி ஏர் பூஸ்டர், சக்கரத்துல பிரேக் ஆயில்தான் போகுது. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

காற்றுப் பக்கம் முழுக்கப் பொருந்தும். கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று: இப்படிப்பட்ட நடுத்தர ஜப்பான் லோரிகள் பலவற்றில் ஸ்பிரிங் பிரேக் கிடையாது, ஹேண்ட் பிரேக் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தண்டில் பிடிக்கும். பெரிய லோரியில் காற்று தீர்ந்தால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துவிடும். இதில் காற்று தீர்ந்தால் பிரேக் இல்லை, அவ்வளவுதான். அதனால் சின்ன லோரி என்று லீக்கைச் சின்னதாக நினைக்காதீர்கள். பூஸ்டரின் காற்று வாயில் பிரேக் ஆயில் ஈரம் தெரிந்தால் உள் சீல் போய்விட்டது, அன்றைக்கே பிரிக்க வேண்டும்.

டேங்கில தண்ணி நெறைய வருது. லீக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிறைய. லீக் இருந்தால் கம்பிரசருக்கு ஓய்வில்லை. ஓய்வில்லாத கம்பிரசர் சூடாகி அதிக எண்ணெய் தள்ளும். நம் ஊர் ஈரக் காற்றையும் அதிகமாக உள்ளிழுக்கும். டிரையர் உருளைக்குக் காயவே நேரம் கிடைக்காது. தண்ணீரும் எண்ணெயும் வால்வு ரப்பரை ஊறவைத்துக் கெடுக்க, அங்கே புது லீக். வடிகாலைத் தினமும் இழுங்கள். கொஞ்சம் ஈரம் சரி. பால் போல வெள்ளையாக வந்தால் டிரையர் உருளை மாற்றும் காலம். கறுப்பு எண்ணெய் வந்தால் கம்பிரசர் ரிங்கைப் பாருங்கள்.

சின்ன லீக்தான். ஒரு நடை மலைக்குப் போயிட்டு வந்து பாக்கறேனே?

இரண்டாவது கேள்வியில் சொன்ன அளவுக்குள் இருந்தால் ஓட்டலாம், அந்த வாரத்துக்குள் சரிசெய்யுங்கள். தாண்டியிருந்தால் ஆலைக்குக்கூட வேண்டாம். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் 59ஆம் எண் சாலையில் வளைவுக்கு வளைவு பிரேக் மிதிக்க வேண்டும். மிதித்தால் மட்டும் கசியும் டயஃபிரம் அங்கேதான் முழுக்கக் கிழியும். ஐடிலில் ஈடு கொடுத்த கம்பிரசர், தொடர்ந்து மிதிக்கும்போது ஈடு கொடுக்காது. 60 பிஎஸ்ஐ சுமாருக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். அது அடித்த பிறகு இடம் தேடி ஓரங்கட்டுவதற்குள் 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்து, வளைவின் நடுவிலேயே நிறுத்திவிடும்.

தவுக்கே (முதலாளி) அவசரப்படுத்தினால் 5 நிமிட அளவைப் போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகும்போது எப்படியும் இது வெளியே வரும், அதுவரை மலையில் ஓட்டப்போவது நீங்கள்தான்.

எல்லாம் சரி பண்ணியாச்சு. மறுபடி எப்பப் பாக்கணும்?

முடித்தவுடன் நாலு நிலையிலும் சோப்பு அடித்து, 5 நிமிட அளவை எடுத்து, எண்ணையும் தேதியையும் சன் வைசருக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். இரண்டு நாள் சுமையோடு ஓடிய பிறகு புது இணைப்புகளை மட்டும் மறுபடி பாருங்கள். டியூபில் போட்ட மார்க்கர் கோடு ஃபிட்டிங்குக்கு வெளியே எட்டிப் பார்த்தால் அது நழுவுகிறது, கழற்றி முனையை வெட்டிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை 5 நிமிட அளவு. போன மாத எண்ணுக்கும் இந்த மாத எண்ணுக்கும் 0.2 பார் வித்தியாசம் வந்தாலே, சத்தம் வரும்வரை காத்திருக்காமல் பாட்டிலை எடுங்கள்.